எட்டு மாடும் ஒரு சுகர் டெஸ்ட்டும்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். கால்நடை ஆய்வு வேலையில் புதிதாகச் சேர்ந்தவர். குரலிலேயே துள்ளல். "மேடம், என் ஆய்வு முடிவெல்லாம் அவ்வளவு அழகா வந்திருக்கு. எல்லாப் புள்ளியும் கோட்டு மேலயே உக்காந்திருக்கு" என்றார். வாழ்த்துச் சொல்லிப் போனை வைத்தேன். ஆனால் அன்று மத்தியானம் தூக்கமே வரவில்லை.

ஏனென்றால் அதே மாதிரி அழகாக வந்த ஒரு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, எட்டு வீட்டு மாடுகளை நான் லாரியில் ஏற்றி அனுப்ப இருந்தேன். ஒரே ஒரு நாள் இடைவெளியில் தப்பினேன். தப்பியது என் கெட்டிக்காரத்தனத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டால் தப்பினேன். அந்தக் கதையை எழுதுகிறேன், படியுங்கள். ரத்தம் எடுப்பது எப்படி, குப்பியில் ஊற்றுவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

நான் பிறந்தது ஜெயங்கொண்டம் பக்கம். மாடு கட்டியிருந்த வீடு. கன்றுக்குட்டியோடு விளையாடி, கால்நடை மருத்துவம் படித்து, அரியலூரில் குடியிருந்து ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவள். ஆகவே மாட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு. மாடு வைத்திருப்பவர்களைப் பற்றியும் தெரியாதது ஒன்றுமில்லை என்று இன்னொரு நினைப்பு. இரண்டாவதுதான் என்னைக் கவிழ்த்தது.

அப்போது நாங்கள் எடுத்துக்கொண்ட ஆய்வு இது: கலப்பின மாடுகள் நம் பக்கத்து வெயிலை எப்படித் தாங்குகின்றன? குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். சுற்றிலும் மானாவாரிக் காடு, மக்காச்சோளமும் பருத்தியும். அங்கே எட்டு வீடுகளுக்கு வீட்டுக்கொரு கலப்பின மாடு கொடுத்தோம். நிபந்தனை ஒன்றுதான். கோடைக் கடைசியில் அறிக்கை எழுதுவோம். மாடு அந்த ஊருக்கு ஒத்துவருகிறது என்றால் மாடு அவர்களுக்கே சொந்தம். ஒத்துவரவில்லை என்றால் திரும்ப வாங்கி, வெயில் குறைந்த வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவோம்.

எட்டில் ஒரு வீடு தனக்கொடி என்ற பெண்ணுடையது. முப்பத்தைந்து வயது இருக்கும். தாத்தா காலத்திலிருந்து அடுத்தவர் காட்டில் களை வெட்டிய குடும்பம். வெள்ளாடு உண்டு, மாடு கிடையாது. அந்த வீட்டின் முதல் மாடு நாங்கள் கொடுத்ததுதான். வெளிர்ச் செம்பழுப்பு நிறத்தில் உருண்டையாக இருந்ததால் அவருடைய மகள் அதற்கு 'லட்டு' என்று பேர் வைத்துவிட்டாள். தனக்கொடிக்குத் தொண்டை பெரிது. அவர் "லட்டூ..." என்று கூப்பிட்டால் அடுத்த தெரு மாடும் திரும்பிப் பார்க்கும்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை, வியாழக்கிழமை உச்சி நேரத்தில் போவோம். நானும், எங்கள் ஆய்வக உதவியாளர் சேகரும். முந்தின நாள் காலையிலேயே சேகர் போன் செய்து, "நாளைக்கு மேடம் வர்றாங்க, ரத்தம் எடுக்கணும், மாட்ட மேய விட்டுடாதீங்க" என்று சொல்லிவிடுவார். நாங்கள் போகும்போது பார்க்க வேண்டுமே! எட்டு வீட்டு வாசலிலும் எட்டு மாடும் தேய்த்துக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, முளைக்குச்சியில் கயிற்றைக் குட்டையாகக் கட்டி நிற்கும். எனக்கு வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கையில் காபி, சில வீடுகளில் கோலி சோடா. நிழலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, வெயிலில் நிற்கிற மாட்டின் விலா எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுவேன். அதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

முடிவுகள் பிரமாதமாக வந்தன. எட்டு மாட்டுக்கும் மூச்சிரைப்பு. ரத்தத்தில், உடம்பு படும் அவதியைக் காட்டும் சுரப்பு உயர்ந்திருந்தது. உடம்பில் நீர்ச்சத்து குறைந்திருந்தது. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்து உயிர் வாழ்கிற அடையாளம் தெரிந்தது. இடது பக்க வயிறு குழிந்து போயிருந்தது. இதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் தெரியுமா? 'வெயிலின் கொடுமையால் மாடு தீனி எடுப்பதில்லை' என்று நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். ஒவ்வொரு அடையாளமும் இன்னொன்றோடு கைகோத்து நின்றது. எங்கள் நிலையத் தலைவர் படித்துவிட்டு, "இத்தனை தெளிவா ஒரு முடிவு நம்ம நிலையத்துல வந்ததே இல்லம்மா" என்றார். ஒரு மாநாட்டில் வாசிக்கவும் ஏற்பாடு செய்தார். நான் தரையில் நடக்கவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. பால். இப்படி மூச்சு வாங்குகிற, சரியாகத் தின்னாத மாட்டுக்குப் பால் குறைந்திருக்க வேண்டும். ஆனால் பால் சொசைட்டியில் கேட்டால், எட்டு வீட்டிலிருந்தும் பால் குறையாமல் வருகிறது என்றார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? என் முடிவைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் மாட்டைப் பார்த்துக்கொண்டு பால் ஊற்றிய அந்த எட்டு வீட்டுப் பெண்களைச் சந்தேகப்பட்டேன்.

ஒரு வியாழக்கிழமை, தனக்கொடியின் வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழும்படியே கேட்டேன்: "பக்கத்து வீட்டு மாட்டுப் பாலையும் இதோட சேர்த்து ஊத்துறீங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. அத்தனை பெரிய தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. "லட்டு பால்தாங்க மேடம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் 'பார், பிடித்துவிட்டேன்' என்ற நினைப்போடு ஜீப்பில் ஏறினேன். பால் விவரத்தை 'நம்பத்தகுந்ததல்ல' என்று ஒதுக்கிவிட்டேன். உறுத்திய ஒன்றையும் தூக்கிப் போட்ட பிறகு முடிவு இன்னும் அழகாகிவிட்டது!

அறிக்கை எழுதிக் கொடுத்தேன். இந்த ஊர் கலப்பின மாட்டுக்கு ஏற்றதல்ல, மாடுகளின் நலன் கருதித் திரும்பப் பெற வேண்டும். தலைவர் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை கடைசியாக ஒருமுறை ரத்தம் எடுப்பது, வெள்ளிக்கிழமை லாரி வருவது என்று முடிவாயிற்று. ஊரில் யாருக்கும் இன்னும் தெரியாது.

புதன்கிழமை செட்டிகுளத்தில், மலைக்கோயிலில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம், விடியற்கால முகூர்த்தம். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, வயிறு நிறையப் பாயசம். பெரம்பலூர் வந்து பஸ் மாறி அரியலூர் திரும்புகிறேன். குன்னம் நெருங்க நெருங்க மனசு கேட்கவில்லை. ஆபீஸ் கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்னால் நேரில் ஒரு வார்த்தை சொல்வதுதான் மரியாதை என்று தோன்றியது. அதோடு, அந்தக் காபி டம்ளர் விஷயமும் உள்ளே எங்கேயோ குத்திக்கொண்டிருந்தது. கண்டக்டரிடம் சொல்லி இறங்கிவிட்டேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உச்சி வெயிலில் ஊருக்குள் நடந்தேன்.

தனக்கொடி வீட்டு வாசலில் மாடு இல்லை. பேச்சுச் சத்தம் கேட்டுக் கொல்லைப் பக்கம் போனேன். பெரிய புங்கமரம். அதன் அடியில் லட்டு சாய்ந்து படுத்திருந்தது. முன்னால் பச்சை மக்காச்சோளத் தட்டை, பக்கத்தில் சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சுகமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. மரத்தின் அந்தப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் தனக்கொடியின் வீட்டுக்காரர் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

தனக்கொடி என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். "அய்யய்யோ மேடம்! நாளைக்குன்னுல்ல சேகர் தம்பி போன் பண்ணுச்சு! மாட்டக்கூட கழுவலயே!"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து லட்டுவின் விலாவை எண்ணினேன். நம்பாமல் இரண்டாம் முறை எண்ணினேன். மூன்றாம் முறையும் எண்ணினேன். என் நோட்டில் நான் எழுதி வைத்திருந்ததில் பாதிதான். அதே மாடு, அதே உச்சி நேரம், அதே வெயில்.

"தனக்கொடி, இது தினமும் இங்கதான் இருக்குமா?"

"வேற எங்க மேடம்? பத்து மணிக்குப் புடிச்சாந்து கட்டுனா சாயங்காலம் வரைக்கும் இங்கதான். நடுவுல மூணு வாட்டி தண்ணி காட்டுவேன்."

"அப்ப நாங்க வர்ற அன்னிக்கு மட்டும் ஏன் வாசல்ல கட்டுறீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற பார்வை. "ஆபீசரு வந்தா சாணியும் மூத்திரமுமா கெடக்குற கொல்லைக்கா கூப்பிடறது? நீங்க என்ன நெனப்பீங்க? அதான் காலையிலயே கழுவி, பொட்டு வச்சு, வாசல்ல கட்டிடறது. எட்டு வூட்லயும் அப்படித்தான்."

எனக்குக் காதில் 'கொய்ங்' என்றது. என் அம்மாவும் அப்படித்தான் செய்வார். ஊசி போட டாக்டர் வருகிறார் என்றால் எங்கள் வீட்டு மாட்டுக்கும் குளியல் உண்டு. நானே வாளியில் தண்ணீர் மொண்டு கொடுத்திருக்கிறேன். அதை எப்படி மறந்தேன்? நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்க ஆரம்பித்ததும் மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதோடு முடிந்ததா? இல்லை. சரி, வெயிலில் கட்டியதால் மூச்சிரைத்தது. ஒட்டிய வயிறு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் வெங்காயத்தை வைத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்.

"நாளைக்கு ரத்தம் எடுக்கறதுக்கு நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க மேடம். இன்னிக்கு ராத்திரி மாட்டுக்குத் தீனி கெடையாது. தண்ணிகூட கெடையாது. நீங்க வர்ற வரைக்கும் சுத்தமா வெறும் வயிறு."

"என்னது?"

"ரத்தம் எடுக்கறதுன்னா வெறும் வயித்துலதான மேடம் எடுக்கணும்? எனக்கு ஆறு வருசமா சுகரு. மாசா மாசம் பெரம்பலூர்ல டெஸ்ட்டு. ஒரு வாய் டீ குடிச்சாக்கூட ரிசல்ட்டு தப்பாயிடும்னு திட்டுவாங்க. இந்த ஊருல எவனுக்கும் இது தெரியல. நான்தான் எட்டு வூட்டுக்கும் போயிச் சொல்லி வச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, என் வேலையில் ஒரு குறையையும் சுட்டிக்காட்டினார். "ஆனா சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொருக்கா எடுக்கணுமே மேடம், அத நீங்க எடுக்கறதே இல்லயே?"

நான் பட்டுப்புடவையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. லட்டு அசை போடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தது. பிறகு சிரிப்பு நின்றது. விலங்கு நலம் பற்றிய ஆய்வு இது. அந்த எட்டு மாடுகளும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு இரவும் அரைப் பகலும் பட்டினி கிடந்து, தண்ணீர் இல்லாமல் வெயிலில் நின்றது எங்களுக்காக. நாங்கள் போகாமல் இருந்தாலே அவை நலமாக இருந்திருக்கும்.

"ரிசல்ட்டு நல்லாத்தான மேடம் வந்துருக்கு? மாடு எங்களுக்குத்தான?" என்று தனக்கொடி கேட்டார்.

மழுப்பலாம் என்று ஒரு நொடி தோன்றியது. மழுப்பவில்லை. வெள்ளிக்கிழமை லாரி வருவதைச் சொன்னேன். ஏன் வருகிறது என்பதையும் சொன்னேன்.

தனக்கொடி வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஒஞ் சுகர்ல இடி விழ! ஒன்ன எவன்யா டாக்டரு வேல பாக்கச் சொன்னது?" அந்தத் தொண்டை முழுசாகத் திறந்தது. மனிதர் வெங்காயத் தட்டோடு எழுந்து உள்ளே போய்விட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "மாடு எங்ககிட்டயே இருக்கணும்னுதான மேடம் இத்தனையும் செஞ்சோம். அது பசியில கத்துறப்ப எம் பொண்ணு காதப் பொத்திக்கிட்டுப் படுத்துக்கும். அதுக்கா இப்ப புடிச்சுக்கிட்டுப் போறீங்க?"

"தப்பு என்னோடது தனக்கொடி. அன்னிக்குப் பால் விஷயத்துல உங்கள நாலு பேர் முன்னாடி கேட்டதும் தப்பு. மன்னிச்சுருங்க, அத மறந்துருங்க."

"மறக்கலங்க மேடம்" என்றார் பட்டென்று. "நாளைக்கு உங்க பெரிய ஆபீசருகிட்ட இதெல்லாம் அப்படியே சொல்லுவீங்களா? சொல்லிட்டு வாங்க, அப்புறம் மறந்துடறேன்."

அரியலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் என்னென்ன கணக்குப் போட்டேன் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை. மாநாடு போகும். பேர் போகும். இத்தனை மாத வேலையும் குப்பை. லாரியை மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிட்டு, முடிவை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன? மாடும் போகாது, பேரும் போகாது. பஸ் அரியலூர் வருவதற்குள் இந்த யோசனை இரண்டு முறை வந்தது. உங்களுக்கும் வரும். வருவதில் தப்பில்லை, அதைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். காலையில் முதல் வேலையாக வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் சொல்ல வராது.

மறுநாள் காலை தலைவரின் அறைக்குள் நுழைந்தேன். கெட்டவர் அல்ல, கோபக்காரர். முழுவதும் கேட்டார். மேசை மேல் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எட்டு வீட்டுக்கும் தெரியும் சார். ஒரு சுகர் பேஷண்டுக்கும் தெரியும்."

"அவங்க யாரும் நம்ம கட்டுரையப் படிக்கப்போறதில்ல."

"நான் படிப்பேன் சார்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து, திட்டினார் பாருங்கள் ஒரு திட்டு! மாட்டுக்கார வீட்டில் பிறந்தவள், ஒட்டிய வயிற்றைப் பார்த்தால் பட்டினி என்று தெரியாதா என்று கேட்டார். தெரிந்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்ததும் போனை எடுத்து லாரி வேண்டாம் என்றார்.

"மூணு வாரம் தரேன். வெயில் இன்னும் அடங்கல. அதுக்குள்ள உருப்படியா ஒரு முடிவு கொண்டாங்க. எப்படிச் செய்வீங்க? போன் பண்ணாம திடீர்னு போவீங்களா?"

"பிரயோஜனம் இல்ல சார். ஜீப்பு முதல் வீட்டுல நிக்கறதுக்குள்ள எட்டாவது வீட்டு மாடு குளிச்சு முடிச்சிருக்கும்."

அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. எனக்கு உயிர் வந்தது.

விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்று தனக்கொடியிடம் நேரில் போய்ச் சொன்னேன். "அப்ப மறந்துட்டேன்" என்றார், அவ்வளவுதான். எட்டு பெண்களையும் கூட்டி, இனிமேல் எங்களுக்காக எதுவும் செய்ய வேண்டாம், எப்போதும் போல இருங்கள் என்று விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு ஒருவர் பொறுப்பாகக் கேட்டார்: "எப்பவும் போலன்னா எப்படிங்க மேடம் கட்டணும்? சொல்லுங்க, அப்படியே கட்டிடறோம்."

பார்த்தீர்களா? சொல்லித் தீர்கிற விஷயமில்லை இது. நான் வருகிறேன் என்பது அவர்களுக்கு ஒரு விசேஷமாக இருக்கிற வரைக்கும், மாட்டுக்கும் அது விசேஷ நாள்தான். ஆகவே ஒரே வழி, விசேஷமாக இல்லாமல் போவது. தினமும் போனேன். ஜீப்பில் அல்ல, பஸ்ஸில். காலையில் போய்ச் சாயங்காலம் வரை அங்கேயே.

முதல் நாள் தனக்கொடி கொல்லையைக் கூட்டி, சாணி தெளித்து, லட்டுவின் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கோலமே போட்டிருந்தார். இரண்டாம் நாளும் நாற்காலி வந்தது, கோலம் சின்னதாயிற்று. நாலாம் நாள் காபி வரவில்லை. எனக்குத் தலைவலி, ஆனால் ஆய்வுக்கு நல்ல சகுனம். ஆறாம் நாள் ஒரு வீட்டு அம்மா களை வெட்டக் கிளம்பும்போது, "மேடம், சும்மாதான இருக்கீங்க, அடுப்புல பாலு கெடக்கு, பொங்குனா எறக்கி வச்சிருங்க" என்றார். எட்டாம் நாள் நான் கொல்லைக்குள் நுழைந்தபோது லட்டு தலையைக்கூடத் திருப்பவில்லை. தனக்கொடியும் திருப்பவில்லை. அன்றைக்குத்தான் நோட்டைத் திறந்து எண்ண ஆரம்பித்தேன். சேகரும் அதற்குள் கையில் கீரைக்கட்டோடு திரிகிற ஊர்க்காரராகிவிட்டார். அவர் ரத்தம் எடுக்கப் போனால் மாடுகள் கீரையைத் தின்றுகொண்டே கழுத்தைக் கொடுத்தன.

முடிவு இந்த முறை அவ்வளவு அழகாக வரவில்லை. ஆறு மாடுகள் வெயிலைச் சுகமாகத் தாங்கின. இரண்டு மாடுகள் உண்மையாகவே தவித்தன. அந்த இரண்டு வீட்டிலும் கொல்லையில் மரமில்லை, தகரக் கொட்டகை. தகரத்தின் மேல் சோளத்தட்டையைக் கனமாகப் பரப்பச் சொன்னோம். அந்த இரண்டில் ஒரு வீட்டு மாட்டை, பகலில் தன் புங்கமரத்தடியில் கட்டிக்கொள்ளச் சொல்லித் தனக்கொடியே அழைத்துக்கொண்டார். லட்டுவுக்கு அது பிடிக்கவில்லை. முதல் இரண்டு நாள் கொம்பை ஆட்டி முறைத்தது, அப்புறம் சரியாகிவிட்டது. ஒரு வாரத்தில் அந்த இரண்டு மாடுகளின் மூச்சும் இறங்கியது. பால் சொசைட்டியிலும் மறுபடி விசாரித்தேன். கோடை முழுவதும் எட்டு வீட்டிலும் ஒருசேரப் பால் குறைந்தது நாங்கள் போன வியாழக்கிழமைகளிலும் மறுநாளும் மட்டும்தான். ஆரம்பத்திலேயே சொசைட்டியின் தினசரிப் பால் சீட்டுகளை வாங்கி நாள் நாளாகப் பார்த்திருந்தால் போதும், எல்லாம் அதிலேயே இருந்தது. கேட்கத் தெரியாமல் நான்தான் கத்திவிட்டு வந்தேன்.

ஆகவே, போன் செய்தவருக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ஒரு விவரம் மட்டும் ஒத்துவராமல் முரண்டு பிடித்தால் அதைத் துரத்தாதீர்கள், அதன் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் இல்லாதபோது அந்த விலங்கு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அதன் நலத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். கோழிப் பண்ணையானாலும் சரி, ஆட்டுப் பட்டியானாலும் சரி. யாராவது பொய் சொல்கிறார்கள் என்று தோன்றினால், முதலில் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

மூன்றாம் வாரக் கடைசியில், மாடுகளை எழுதிக் கொடுக்கத் தலைவரே வந்தார். சேகர் போன் செய்யவில்லை. தலைவர் இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் செருப்புமாக வாசலில் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மாடு எங்கம்மா?"

"கொல்லையில கெடக்கு சார், வாங்க" என்றார் தனக்கொடி. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நாற்காலி வரவில்லை, காபியும் வரவில்லை. தலைவர் பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாணியைத் தாண்டித் தாண்டிப் பின்னால் போனார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

லட்டு புங்கமரத்தடியில் நாலு காலையும் மடக்கிப் படுத்திருந்தது. தலைவர் அதன் முன்னால் போய் நின்றார். அது அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தது, காதை ஆட்டி ஈயை விரட்டியது, மறுபடி அசை போட ஆரம்பித்தது.

"இவ்வளவு தூரம் வந்திருக்கேன், எழுந்திரிக்கக்கூட மாட்டேங்குதே" என்றார் தலைவர், பாதி விளையாட்டாக.

"அது எதுக்குங்க சார் எழுந்திரிக்கணும்?" என்றார் தனக்கொடி. "அது வூட்லதான இருக்கு."

தலைவர் குனிந்து, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.